ஏப்ரல் ஆற்றில் ட்ரவுட்: பீவர்கில்லில் ஃப்ளை மீன்பிடிப்பைத் தொடங்குவோருக்கு

மீன்பிடிக்கப் போனால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும் என்பது நமக்கெல்லாம் ஊறிப்போன பழக்கம். பீவர்கில் ஆறு ஓடும், நியூயார்க் மாநிலத்தின் காட்ஸ்கில் மலைகளில், சீசன் தொடக்கமான ஏப்ரல் மாதத்தில், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரவில் காற்று உறைநிலைக்குக் கீழே இறங்கும். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் 38, 39 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 4 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ட்ரவுட் மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். அந்தக் குளிரில் அதற்குப் பசியும் குறைவு, அசைய மனமும் இருக்காது. பதினொரு மணிக்கு ஆற்றங்கரைக்கு வந்து, ஒரு மணி முதல் நான்கு மணி வரை கவனமாகப் பிடித்தால், விடியலில் இருந்து நடுங்கிக்கொண்டு நின்றவரைவிட அதிக மீனைப் பார்ப்பீர்கள்.

சீசன் தொடக்கத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீரின் வெப்பநிலை. எந்த ஃப்ளை (பூச்சிபோல் முள்ளில் கட்டிய செயற்கை இரை), எந்தப் பிராண்டு ராடு (தூண்டில் கோல்) என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே முதலில் வாங்க வேண்டிய பொருள் ஒரு சின்னத் தண்ணீர் வெப்பமானி. அதை நூலில் கட்டி ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டுப் படியுங்கள். 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் வாய்க்கு நேரே இரையைக் கொண்டுபோனால்தான் தொடும். 45ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு அடி நகர்ந்து வந்து எடுக்கும். 50ஐ, அதாவது 10 செல்சியஸைத் தொட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் மேஃப்ளை பூச்சிகள் எழும்பத் தொடங்கும், ட்ரவுட் மேற்பரப்புக்கு வரும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நல்ல வெயில் அடிக்கும் முதல் நாளில் தண்ணீர் சூடாகும் என்று எதிர்பார்ப்போம். மலையில் பனி மிச்சம் இருந்தால் அந்த வெயில் பனியை உருக்கி ஆற்றை இன்னும் குளிர வைத்துவிடும். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானியைப் பாருங்கள்.

எங்கே, என்ன அனுமதியோடு

பீவர்கில் ஆறு ராஸ்கோ என்ற சிற்றூரில் வில்லோவீமாக் ஓடையோடு சேர்கிறது. அந்தச் சங்கமத்து மடுவுக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். ஏப்ரல் 1 அன்று காலையில் அங்கே கூட்டம் கூடுவது நெடுநாள் வழக்கம். சங்கமத்துக்கு மேலே பீவர்கில்லின் பெரும்பகுதி தனியார் கிளப்புகளிடமும் நில உரிமையாளர்களிடமும் இருக்கிறது. புதியவர்களுக்கு ஏற்றது ராஸ்கோவுக்குக் கீழே, பழைய 17ஆம் எண் சாலையை ஒட்டி ஓடும் பகுதி. அங்கே அகலமான மடுக்களும் வண்டி நிறுத்த இடங்களும் வரிசையாக இருக்கின்றன. நியூயார்க் நகரத்திலிருந்தோ வட நியூஜெர்ஸியிலிருந்தோ காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

கரையோரத்தில் மஞ்சள் நிறப் பலகைகள் மரத்தில் அடித்திருப்பார்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறை நில உரிமையாளரிடமிருந்து மீன்பிடி உரிமையை வாங்கிய இடங்கள் அவை. அந்த உரிமை ஆற்றங்கரையை ஒட்டிய குறுகிய பட்டைக்கு மட்டும்தான், வழக்கமாக 33 அடி அகலம். அதைத் தாண்டி உள்ளே நடந்தால் அடுத்தவர் தோட்டம். சமைக்கவோ கூடாரம் போடவோ அந்தப் பட்டையில் உரிமை கிடையாது.

16 வயதானவர் முதல் எல்லோருக்கும் உரிமம் வேண்டும், பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தாலும்கூட. மாநிலத் துறையின் இணையதளத்திலேயே ஒரு நாள், ஏழு நாள், ஓராண்டு என்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும் என்பதால், ஆண்டு உரிமத்தை ஏப்ரலில் வாங்கினால் அடுத்த தொடக்கம் வரை வரும். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் கூடுதல். பெரும்பாலான ஓடைகளில் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை மீனை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பீவர்கில்லிலும் வில்லோவீமாக்கிலும் சில நீளங்கள் ஆண்டு முழுவதும் ‘நோ கில்’ பகுதிகள். அங்கே செயற்கை இரை மட்டும்தான், பிடித்ததை உடனே விட்டுவிட வேண்டும். எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை என்பதைப் போகுமுன் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அந்தப் பகுதிகளிலேயே தொடங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து. யாரும் எடுத்துக்கொண்டு போகாததால் மீன் அங்கே தங்கி வளர்கிறது.

கிளம்புமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குக்ஸ் ஃபால்ஸ் என்ற இடத்தில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீர் அளவைக் கருவி இருக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது என்று அதன் இணையப் பக்கத்தில் தெரியும். 500, 600 கன அடி என்றால் புதியவருக்கும் தாராளமாக இறங்கி நிற்க இடம் கிடைக்கும். 1000ஐத் தாண்டினால் ஆற்றுக்குள் இறங்காமல் கரையோரமாகவே பிடியுங்கள். வரைபடக்கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால் அன்று போகவே வேண்டாம். கோடு ஏறி முடிந்து மெல்ல இறங்கத் தொடங்கிய இரண்டாம் நாள், தண்ணீர் லேசான பச்சை நிறத்தில் தெளியும் நாள், இந்த மாதத்தின் மிக நல்ல நாள்.

ராடும் லைனும்

நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை மீன்பிடிப்பில் கனம் இருப்பது லைனில். தடித்த, பூச்சுப் போட்ட லைனைக் காற்றில் விரித்து வீச, அதன் நுனியில் எடையே இல்லாத ஃப்ளை கூடவே போகிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் மற்ற சாமான்களெல்லாம் எதற்கு என்று தானாகப் புரியும்.

9 அடி நீளம், 5 வெயிட் (லைனின் கனத்தைக் குறிக்கும் எண்) என்று குறித்த ராடு வாங்குங்கள். ஏப்ரல் காற்றுக்கும், அடியில் ஓடவிடும் கனமான நிம்ஃப் ஃப்ளைக்கும் ஈடுகொடுக்கும், மே மாதத்தில் தண்ணீர்மேல் மிதக்கவிடும் உலர் ஃப்ளைக்கும் கனமாகத் தெரியாது. ரீல், லைன் எல்லாம் சேர்த்துத் தொடக்கநிலை செட்டாக ஏறக்குறைய 200 டாலருக்குக் கிடைப்பதே போதும். லைன் முன்பக்கம் கனமான, மிதக்கும் வகை. பெட்டியில் டபிள்யூஎஃப்5எஃப் என்று அச்சடித்திருக்கும். ரீலில் முதலில் 20 பவுண்டு பேக்கிங் நூல், அதன்மேல் லைன், லைன் நுனி வளையத்தில் 9 அடி லீடர். லீடர் என்பது அடியில் தடித்து நுனியில் மெலியும் நைலான் நரம்பு. அதன் நுனியில் சேர்த்துக் கட்டும் மெல்லிய நரம்புத் துண்டு டிப்பெட்.

நரம்பின் தடிமனை 3எக்ஸ், 4எக்ஸ், 5எக்ஸ் என்று குறிப்பார்கள். எண் கூடக்கூட நரம்பு மெலியும். 11லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்ற கணக்கு. 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம். எந்த ஃப்ளைக்கு எந்த நரம்பு என்பதற்கும் எளிய வழி உண்டு. முள்ளின் அளவெண்ணை (இதிலும் எண் கூடக்கூட முள் சிறிதாகும்) மூன்றால் வகுங்கள். 12ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ், 16க்கு 5எக்ஸ். தடித்த நரம்பில் சின்ன ஃப்ளை மரக்கட்டை மாதிரி விறைப்பாகப் போகும், மீன் ஒதுங்கிவிடும். மெல்லிய நரம்பில் பெரிய ஃப்ளை கட்டினால் வீசும்போதே முறுக்கேறி அறுந்துபோகும்.

இவற்றோடு நரம்பு வெட்டும் கத்தரி, முள் பிடுங்கும் மெல்லிய இடுக்கி, தக்கை, ஈயமில்லாத சிறு குண்டுகள், உலர் ஃப்ளைக்கு மிதப்பு மருந்து, ரப்பர் கண்ணி வலை, போலரைஸ்டு கண்ணாடி வேண்டும். அரை அவுன்சுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளை இந்த மாநிலத்தில் விற்கக்கூடாது, அதனால் கடையில் டின் அல்லது டங்ஸ்டன்தான் கிடைக்கும். கண்ணாடி தண்ணீருக்குள் பார்க்க உதவும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், தலைக்கு அருகே பறக்கும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பது. அது இல்லாமல் வீசவே கூடாது.

குளிர்ந்த ஆற்றில் இறங்குவது

மார்பு வரை வரும், தண்ணீர் புகாத வேடர்ஸ் உடையும், அதன்மேல் போடும் கனத்த பூட்ஸும் கட்டாயம். உள்ளே பருத்தி எதுவும் வேண்டாம், ஜீன்ஸும் சேர்த்துத்தான். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ். கால் விறைக்கிறது என்று இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து, வழக்கமான அளவு பூட்ஸைப் போட்டு இறுக்குபவர்கள் அதிகம். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் வேகமாக விறைக்கும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று, பூட்ஸ் ஒரு அளவு பெரிது, உள்ளே விரலை அசைக்க இடம். இதுதான் தீர்வு.

வேடர்ஸின் இடுப்புப் பட்டையை எப்போதும் இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுவதைத் தடுப்பது அதுதான். பீவர்கில்லின் அடித்தளம் முழுக்க உருண்டைக் கற்கள், மேலே வழுக்கும் பாசி. கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். ஒரு காலைப் பதித்து, அது நிலைத்தபின் மற்றதை இழுத்து வையுங்கள். கால் மாற்றிக் கால் போட்டு நடக்காதீர்கள். உடம்பை ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் மடு முடிந்து தண்ணீர் பரவும் ஆழமற்ற இடத்தில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாகக் கடக்கலாம். கடந்த பிறகு திரும்பி வரவும் முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். மாலையில் பனி உருகிய தண்ணீர் வந்து ஆறு ஏறியிருக்கலாம். தொடைக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் முதல் ஆண்டில் வேண்டாம்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்க அவசரப்படாதீர்கள். ஓடும் தண்ணீரில் கால் கல்லிடுக்கில் சிக்கினால் ஆபத்து. மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி, மெல்லக் கரையை நோக்கித் துழாவுங்கள். 5 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் முதல் நிமிடம் மூச்சு திணறும். அது அடங்கும் வரை வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதுதான் வேலை. சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காது. காரில் ஒரு செட் உலர்ந்த உடையும் துண்டும் கட்டாயம் இருக்கட்டும். ஏப்ரலில் தனியாகப் போக வேண்டாம்.

ட்ரவுட் எங்கே நிற்கும்

இந்த ஆற்றில் அதிகம் கிடைப்பது 1880களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரவுன் ட்ரவுட். ரெயின்போவும் உண்டு. மண்ணுக்குரிய ப்ரூக் ட்ரவுட் மேலே குளிர்ந்த சிற்றோடைகளில் மிஞ்சியிருக்கிறது. மூன்றுக்குமே ஏப்ரலில் ஒரே கணக்குதான். குளிரில் கிடைப்பது கொஞ்சம் உணவு, ஆகவே ஓட்டத்தை எதிர்த்து நின்று சக்தியை வீணாக்காது. வெள்ளைநுரை பொங்கும் இடத்தை விட்டுவிடுங்கள். மூன்று முதல் ஆறு அடி ஆழம், நாம் நிதானமாக நடக்கும் வேகம். அப்படித் தண்ணீர் போகும் இடத்தைத் தேடுங்கள். வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசும் கோட்டில் நுரைக் குமிழிகள் வரிசையாகப் போகும். அந்தக் கோட்டின் மந்தமான பக்கம், அடியில், மீன் நிற்கும். உணவு கைக்கெட்டும் தூரத்தில் போகிறது, உழைப்போ குறைவு. பெரிய பாறைகளின் முன்னும் பின்னும், மடுவின் கீழ்ப்பாதி, வெயில் முதலில் விழும் கரை ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். தண்ணீர் உயர்ந்திருந்தால் கரைக்கு மிக அருகில் நிற்கும். அதனால் இறங்குவதற்கு முன் காலடித் தண்ணீரிலேயே முதலில் பிடியுங்கள். அங்கிருந்த மீனை மிதித்து விரட்டிவிட்டு நடு ஆற்றுக்கு வீசுவது புதியவர்கள் தினமும் செய்யும் வேலை.

அடிமட்டத்தில் நிம்ஃப்

நிம்ஃப் என்பது பூச்சியின் தண்ணீருக்கடி இளம்பருவத்தைப் போலக் கட்டிய ஃப்ளை. ஏப்ரலில் பத்து மீனில் பெரும்பகுதி இதில்தான் மாட்டும். வாங்க வேண்டியவை குறைவே. 8, 10ஆம் எண்ணில் கறுப்பு அல்லது பழுப்பு ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப், 12, 14இல் ஹேர்ஸ் இயர், 14, 16இல் ஃபெசன்ட் டெயில். மூன்றும் உலோக மணித்தலையோடு, வகைக்கு நான்கு. அடியில் சிக்கி இழக்கத்தான் செய்வீர்கள், ஒன்றொன்றாக வாங்கிப் பயனில்லை.

கட்டும் வரிசை இது:

1. 3எக்ஸ் லீடரின் நுனியில் 20 அங்குல 4எக்ஸ் டிப்பெட்டைச் சேருங்கள். இரண்டு நரம்பையும் ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வளையம் போட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து மூன்று முறை வளையத்துக்குள் நுழைத்து இழுப்பது சர்ஜன் முடிச்சு.

2. டிப்பெட்டின் முனையில் கனமான ஸ்டோன்ஃப்ளையைக் கட்டுங்கள். முள்ளின் கண்ணில் நுழைத்து, நரம்பைத் தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணை ஒட்டிய இடைவெளியில் நுழைத்து, அதனால் உண்டான பெரிய வளையத்திலும் நுழைத்து இழுப்பது கிளின்ச் முடிச்சு. இழுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

3. அந்த முள்ளின் வளைவில் இன்னொரு 16 அங்குலத் துண்டைக் கட்டி, அதன் முனையில் ஃபெசன்ட் டெயில்.

4. சேர்த்த முடிச்சுக்குச் சற்று மேலே ஒரு சிறு குண்டைக் கடித்துப் பொருத்தாமல் இடுக்கியால் நசுக்கிப் பொருத்துங்கள். முடிச்சு அதைக் கீழே வழுக்க விடாது.

5. குண்டிலிருந்து தக்கை வரை உள்ள தூரம் தண்ணீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு. மூன்றடி ஆழமா, நான்கரை அடி.

கட்டியதை ஒவ்வொரு முடிச்சாகக் கையால் நிதானமாக இழுத்துச் சோதியுங்கள். அறுவதானால் அங்கே அறட்டும்.

வீசுவதில் இரண்டு வகை தெரிந்தால் முதல் சீசனுக்குப் போதும். குண்டும் தக்கையும் கட்டியிருக்கும்போது காற்றில் முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், எல்லாம் ஒரு கொத்தாகச் சிக்கிவிடும். லைன் கீழ்ப்பக்கம் ஓடி இறுகும் வரை விடுங்கள். தண்ணீரே ராடை வளைக்கும். அந்த வளைவோடு ஒரே அசைவில் மேல்நோக்கித் தூக்கி எறிந்து, ராடு நுனியை எறிய வேண்டிய இடத்தின் பக்கம் சற்று உயரத்தில் நிறுத்துங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சிக்காது.

குண்டு இல்லாத உலர் ஃப்ளைக்கு வழக்கமான தலைக்குமேல் வீச்சு. கட்டைவிரல் ராடின் மேலே. நுனியைத் தண்ணீருக்கு அருகே தாழ்த்தித் தொய்வை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். மெல்லத் தொடங்கி வேகம் கூட்டி, ராடு காதைச் சற்றுத் தாண்டியதும் சட்டென நிறுத்துங்கள். லைன் பின்னால் விரிந்து நேராகும் வரை காத்திருங்கள். பிறகு முன்னால் அதே மாதிரி வேகம் கூட்டி, கண் உயரத்தில் நிறுத்துங்கள். காத்திருக்காமல் முன்னே இழுத்தால் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும், ஃப்ளையும் போயிருக்கும். மணிக்கட்டு மடங்கி ராடு பின்னால் படுத்துவிட்டால் லைன் பின்புறத் தண்ணீரையோ புதரையோ அடிக்கும். முப்பது அடி தூரம் சுத்தமாக வீசத் தெரிந்தால் பீவர்கில்லில் போதும். வீட்டுப் பக்கத்துப் புல்வெளியில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துணுக்கைக் கட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

இனி உண்மையான வேலை, நிம்ஃபைத் தண்ணீரோடு இயல்பாக ஓடவிடுவது. பார்த்த இடத்துக்கு மேலே பத்தடியில் போடுங்கள், மீனை அடையும்போது அது அடியில் போயிருக்க வேண்டும். லைன் விழுந்ததும், நடுவே வேகமான ஓட்டம் இருந்தால் அது லைனை வளைத்துக் கீழே இழுக்கும், தக்கை பின்னாலேயே இழுபடும். அப்படி இழுபடும் முன் ராடு நுனியால் லைனை மட்டும் தூக்கி மேல்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். இதற்கு மெண்ட் என்று பெயர். தக்கையைத் தொந்தரவு செய்யாமல் புரட்டப் பழகச் சில மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வீச்சிலும் செய்ய வேண்டியது இது.

சரியாகப் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. தக்கைக்குப் பக்கத்தில் போகும் நுரைக் குமிழியைப் பாருங்கள். அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாக ஓடும். தக்கை குமிழியைவிடக் கொஞ்சம் பின்தங்கிப் போனால் நிம்ஃப் அடியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே போனால் நிம்ஃப் நடுவிலேயே தொங்குகிறது. ஒரு குண்டைக் கூட்டுங்கள், அல்லது தக்கையை ஆறு அங்குலம் மேலே ஏற்றுங்கள். குமிழியை முந்தினால் லைன் இழுக்கிறது, மெண்ட் போதவில்லை. நாலைந்து ஓட்டத்தில் ஒரு முறை கல்லில் தட்ட வேண்டும். ஒரு முறைகூடத் தட்டவில்லை என்றால் மீனுக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிக்கினால் கனம் அதிகம். மீன் கிடைக்காதபோது எல்லோரும் ஃப்ளையை மாற்றுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஃப்ளை அல்ல, ஆழம். மூன்று முறை ஆழத்தைச் சரிசெய்தபிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஏப்ரல் ட்ரவுட் தக்கையை அமுக்கி இழுக்காது. தக்கை ஒரு கணம் தயங்கும், அல்லது பக்கவாட்டில் அரை அங்குலம் நகரும், அவ்வளவுதான். எந்தத் தயக்கத்துக்கும் ராடைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து மிதமாகத் தூக்குங்கள். மீன் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நிற்பதால் கீழ்ப்பக்கம் இழுத்தால் முள் வாயோரத்தில் பதியும், மேல்நோக்கி இழுத்தால் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். பாதி முறை அது கல்லாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தூக்குங்கள். ஒரே இடத்தில் நாலைந்து வீச்சு, பிறகு ஓரடி அப்பால், பிறகு ஓரடி மேலே. நகராத மீனை இப்படிச் சதுரம் சதுரமாகத் தேட வேண்டும்.

தண்ணீர் கலங்கி ஓரடிக்கு மேல் தெரியாவிட்டால் நிம்ஃபை அவிழ்த்துவிட்டு 8ஆம் எண் கறுப்பு வூலி பக்கர் என்ற பெரிய ஃப்ளையைக் கட்டுங்கள். டிப்பெட் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ். குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, ஒரு மெண்ட் போட்டு மூழ்கவிட்டு, லைன் இறுகித் உங்கள் கரைப்பக்கம் வளைந்து வரும்வரை விடுங்கள். நேர் கீழே வந்ததும் பத்து விநாடி அப்படியே தொங்கட்டும், பிறகு நாலு அங்குலமாக மெல்ல இழுங்கள். பெரும்பாலும் அந்தத் தொங்கலில்தான் கடிக்கும்.

பிற்பகலில் பூச்சி எழும்போது

ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முதல் வாரம் வரை, நீங்கள் வந்ததற்கே காரணமான நேரம் இது. தண்ணீர் 50 டிகிரியை நெருங்கிய பிற்பகலில், ஒன்றரை மணிவாக்கில், பாய்மரம்போல் சிறகைத் தூக்கிய பூச்சிகள் தண்ணீர்மேல் மிதந்து வரும். ஒன்றைக் கையில் ஏந்தி வாலை எண்ணுங்கள். இரண்டு வால், சாம்பல் சிறகு, 12, 14ஆம் எண் முள் அளவு என்றால் குவில் கார்டன். மூன்று வால், அதே அளவு, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடல் என்றால் ஹென்ட்ரிக்ஸன் பெண்பூச்சி. செம்பழுப்பு உடலும் பெரிய செங்கண்ணும் இருந்தால் அதன் ஆண், ரெட் குவில். மூன்று வாலோடு மிகச் சிறியதாக, 16, 18 அளவில் இருந்தால் புளூ குவில். குவில் கார்டன் ஃப்ளையை வடிவமைத்த தியோடர் கார்டனும், ஹென்ட்ரிக்ஸனை 1916இல் கட்டிய ராய் ஸ்டீன்ராடும் இந்த மலைப்பகுதி ஆறுகளில் வேலை செய்தவர்கள். அந்த ஃப்ளைகள் இன்றும் அதே தண்ணீரில் செல்லுகின்றன.

குவில் கார்டனுக்கு ஒரு தனிக்குணம். மற்றவை தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து தோலுரிக்கும், இது அடியிலேயே சிறகோடு வெளிவந்து மேலே ஏறும். ஆகவே பூச்சி மிதக்கிறது, மீன் ஒன்றும் எழவில்லை என்றால், 12ஆம் எண் ஹேர்ஸ் இயர் வெட் ஃப்ளையை (மூழ்கி ஓடும் வகை) குறுக்கே வீசி வளைந்து வரவிடுங்கள். ஏறும் பூச்சியைத்தான் மீன் கீழேயே தின்றுகொண்டிருக்கும்.

மீன் எழும்பினால் உடனே வீசாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மூக்கு தெரிந்து, போன இடத்தில் ஒரு குமிழி மிஞ்சினால், காற்றோடு சேர்த்து மிதக்கும் பூச்சியை விழுங்கியது. உலர் ஃப்ளை கட்டுங்கள். முதுகு மட்டும் புரண்டு குமிழி இல்லாமல் போனால், மேற்பரப்புக்கு ஓரங்குலம் கீழே தோலுரித்துக்கொண்டிருக்கும் பூச்சியை எடுக்கிறது. அதற்கு, அந்தப் பூச்சியைப் போலக் கட்டிய, மிதப்பு மருந்து தடவாத எமர்ஜர் ஃப்ளை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், கண்ணெதிரே இருபது மீன் எழும்பியும் ஒன்றும் மாட்டாமல் திரும்புபவர்கள் உண்டு.

தக்கையையும் குண்டையும் கழற்றுங்கள். 5எக்ஸில் மூன்றடி டிப்பெட் சேருங்கள். மீனுக்குக் கீழிருந்து குனிந்து நெருங்கி, அது எழும் இடத்துக்கு மூன்று நான்கடி மேலே போடுங்கள். ஃப்ளைக்குப் பின்னால் சின்ன ‘வி’ வடிவக் கோடு விழுந்தால் லைன் இழுக்கிறது, அந்த ஓட்டம் வீண். மீனைத் தாண்டும் வரை விட்டுப் பிறகு எடுங்கள், அதன் தலைக்குமேல் பிடுங்காதீர்கள். எடுத்ததும் பதற்றத்தில் உடனே இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஃப்ளை வந்துவிடும். வாயை மூடித் தலை கீழே திரும்பும் வரை ஒரு கணம் பொறுத்து, ராடைத் தூக்குங்கள்.

நான்கு மணிக்குள் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும். வெதுவெதுப்பான, காற்றில்லாத மாலையாக இருந்தால் மட்டும் இருட்டும் வரை இருங்கள். முட்டையிட வரும் ஹென்ட்ரிக்ஸன்கள் சிறகு விரித்து விழும், அவற்றைப் போலக் கட்டிய 14ஆம் எண் ரஸ்டி ஸ்பின்னர் ஃப்ளைக்கு அப்போது மீன் எழும்.

மாட்டியபின்

ராடு 45 டிகிரியில், லைன் எப்போதும் இறுக்கமாக. மீன் ஓடும்போது விரலிடுக்கில் லைனை நழுவவிடுங்கள், அது நின்றதும் இழுங்கள். ராடை மேலேயே பிடித்துக்கொண்டிருக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அதன் தலையைத் திருப்பினால் சீக்கிரம் களைக்கும். வலையைத் தண்ணீருக்குள் வைத்து, மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள். வலையை வைத்து மீனைத் துரத்தக்கூடாது.

முள்ளின் கொண்டியை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது ஒரு நொடி வேலை. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல்வழவழப்பை உரித்துவிடும். வயிற்றைப் பிசையாதீர்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள். படம் எடுப்பதானால் மீன் தண்ணீருக்குள் வலையில் இருக்கும்போதே கேமராவைத் தயார் செய்து, பத்து விநாடிக்குள் எடுத்து இறக்குங்கள். உறைகுளிர்க் காற்றில் செவுள் சீக்கிரம் கெட்டுவிடும், அப்படிப்பட்ட நாளில் வெளியே எடுக்காமலே விடுங்கள். மந்தமான தண்ணீரில் தலையை மேலோட்டத்துக்கு நேரே பிடித்திருங்கள். தானாக வாலை உதைத்துப் போகும்வரை கையை எடுக்க வேண்டாம்.

திரும்பும்போது

பீவர்கில் போய்ச் சேரும் டெலவேர் ஆற்றின் கிழக்குக் கிளையில் டிடிமோ என்ற பாசி பரவியிருக்கிறது. ஈர பூட்ஸின் அடியில் ஒட்டி அடுத்த ஆற்றுக்குப் போக அதற்கு ஒரு துளி போதும். மண்ணையும் பாசியையும் ஆற்றங்கரையிலேயே துலக்கி, வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளும் புறமும் முழுக்கக் காயவிட்ட பிறகே வேறு ஆற்றில் இறங்குங்கள். வெட்டிய நரம்புத் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பறவைக் காலில் சுற்றும். நனைந்த ஃப்ளைகளைப் பெட்டியை மூடாமல் ஓரிரவு திறந்து வைத்தால் முள் துருப்பிடிக்காது. கரைப் புல்லில் நடந்திருப்பதால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். இந்த மலைகளில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் ஏப்ரல் குளிரிலும் நடமாடுகின்றன. ஒட்டியிருந்தால் தோலுக்கு மிக அருகில் இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவந்த வட்டமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.